எக்ஸ்போர்ட் குவாலிட்டி

ஸ்ரீபெரும்புதூரில் ஒரகடம் பக்கம் வண்டியைத் திருப்பினால், சாலையின் இரண்டு பக்கமும் எதைச் செய்தாலும் எக்ஸ்போர்ட்டுக்குத்தான் செய்கிறார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ உருண்டு வந்ததோடு ஆரம்பித்த யோகம் இது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014 நவம்பர் 1 அன்று பூட்டிக்கொண்டு போனது. போனவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். கார் கப்பலேறுகிறது, கைப்பேசி விமானமேறுகிறது, புல்லட் கண்டம் தாண்டுகிறது. நடுவில், ஏரிக்கரை ஓரமாகப் பெரிய பெரிய ஆர்ச் வைத்து நிற்கும் பொறியியல் கல்லூரிகள் எதை ஏற்றுமதி செய்கின்றன? இன்ஜினியர்களை என்று நீங்கள் நினைத்தால், பாவம், போன தலைமுறையிலேயே நின்றுவிட்டீர்கள். அவை சிஎஸ்வி ஃபைலை ஏற்றுமதி செய்கின்றன.

அப்படியொரு கல்லூரியில் சில வருடம் உதவிப் பேராசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். என் ஒரிஜினல் சர்டிஃபிகேட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாடம் நடத்தியது போக எனக்கு ஒரு கூடுதல் பொறுப்பு, ‘ஆர் அண்ட் டி செல் கோ-ஆர்டினேட்டர்’. பெயரைக் கேட்டு ராக்கெட் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தைத் திறந்து, எங்கள் கல்லூரி பெயரில் என்னென்ன வெளிவந்திருக்கிறது என்று தேடி, எல்லாவற்றையும் டிக் அடித்து, ‘எக்ஸ்போர்ட்’ பட்டனை அழுத்தி, வந்த ஃபைலை பிரின்சிபலுக்கு மெயில் போடுவது. இதற்கு மாதம் ஒரு ரிவ்யூ மீட்டிங் வேறு. மீட்டிங்கில் சமோசா உண்டு.

தேடுவது ஒன்றும் சுலபமில்லை. முதல் சிக்கல் ஊர்ப் பெயர். ஸ்ரீபெரும்புதூரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பத்துப் பேர் பன்னிரண்டு விதமாக எழுதுவார்கள். ஸ்ரீயைத் தனியாக வைப்பவர், சேர்த்து வைப்பவர், ‘ம்’-முக்கு எம் போடுபவர், என் போடுபவர், புதூரில் டி போதும் என்பவர், டிஎச் வேண்டும் என்பவர். ‘ஸ்ரீபெரும்’ வரை அடித்து நட்சத்திரக் குறி வைத்துவிட்டால் மீதி ஆண்டவன் விட்ட வழி. அப்படியும் தப்பிப் போனவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு கட்டுரை குறைந்தாலும் சேர்மன் கோபிப்பார்.

அடுத்தது ஆள் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டேட்டாபேஸுக்கு இது புரியாது. ஒரே எஸ். குமாருக்குள் நாற்பது எஸ். குமார்களை அடைத்துவிடும். ஒரே ஆளை நான்கு பேராகப் பிளந்தும் வைக்கும். எங்கள் துறையில் ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்பா வேர்க்கடலை போட்டவர், நிலம் சிப்காட்டுக்குப் போயிற்று. பாஸ்போர்ட் எடுக்கிறேன் என்று இவன் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் கடைசியில் எழுத ஆரம்பித்தான். டேட்டாபேஸ் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. இப்போது டீப் லேர்னிங் துறையில் அந்தப் பெரியவர் பெயரில்தான் உலகம் மேற்கோள் காட்டுகிறது. மேற்கோள்களை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ் அவருக்கு ஒன்பது. நூறு நாள் வேலை அட்டையில் பெயர் சேர்க்க மட்டும் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

ஒருநாள் மீட்டிங் தள்ளிப்போனது. கையில் நேரம் இருந்ததால் வேண்டாத வேலை ஒன்று செய்தேன். அதுவரை முகவரிக் கட்டத்தில் மட்டுமே அடித்த ஊர்ப் பெயரை எடுத்து, தலைப்பு, சுருக்கம், திறவுச்சொல் இருக்கும் கட்டத்தில் போட்டுத் தேடினேன். அதாவது, இந்த ஊரிலிருந்து எழுதியவை வேண்டாம், இந்த ஊரைப் பற்றி எழுதியவற்றைக் கொடு என்று கேட்டேன்.

பட்டியல் சட்டென்று ஒல்லியானது. நிலத்தடி நீர், ஏரி, செயற்கைக்கோள் படத்தில் நிலம் எப்படி மாறியது என்று சில கட்டுரைகள். எங்கள் கல்லூரி முகவரியோடு ஒன்றுகூட இல்லை. கல்லூரி கேட்டிலிருந்து ஷிப்ட் பஸ்கள் தெரியும். காலையில் நீலச் சட்டையும் டேக்குமாகப் பெண் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஏறுவதை அட்டெண்டன்ஸ் போடும்போதே பார்க்கலாம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒவ்வாமல் 150-க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததும் இந்த வாசலுக்கு எதிரில் என்றே சொல்லலாம். ஆப்பிள் கம்பெனிகூட அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வெளியே வந்து ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்தார்கள். கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று அதே வருடம் ஜூனில் விசாரித்து எழுதியது ராய்ட்டர்ஸ். வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் வந்து கதவைத் தட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, கதவுக்கு எதிரில் எம்பிஏ துறை வைத்திருக்கும் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் எம்பிஏ துறை அந்த வருடம் ‘பிந்தைய கோவிட் காலத்தில் நுகர்வோர் மனநிலை’ என்று எழுதிக்கொண்டிருந்தது. மாதிரி அளவு நூறு. நூறும் எங்கள் மாணவர்கள். கூகுள் ஃபார்ம்.

கேட்டவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வாளர் மதுமிதா தத்தா கேட்டார். நோக்கியா ஆலைப் பெண்களோடு காஞ்சிபுரத்து வாடகை அறையில் உட்கார்ந்து, அவர்கள் வேலையையும் காதலையும் கடனையும் அவர்களையே தமிழில் பேச வைத்து, ‘மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்’ என்று ஒலிப்பதிவாகவும் 2021-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். அவர் இப்போது இருப்பது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம். ஆக, ஸ்ரீபெரும்புதூர் பெண்ணின் வாழ்க்கை முகவரிக் கட்டத்தில் ஒஹாயோவுக்கு வரவு. ஸ்ரீபெரும்புதூர் என்ற முகவரிக்கு வரவானதெல்லாம், எங்கோ ஒரு அமெரிக்க சர்வரில் கிடக்கும் பூ படங்களை வகை பிரிக்கும் அல்காரிதம். ஊர் எங்களுக்கு ஆய்வுப் பொருள் ஆகவேயில்லை, பின்கோடாக மட்டும் பயன்பட்டது.

சரி, இந்தப் பைத்தியம் எதற்காக? என்ஐஆர்எஃப். 2016-லிருந்து மத்திய அரசு வருடா வருடம் வெளியிடும் கல்லூரித் தரப் பட்டியல். பொறியியல் கல்லூரிக்கு நூற்றில் முப்பது, ஆய்வுக்கும் அது சார்ந்தவற்றுக்கும். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்பதை அவர்கள் ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். கட்டுரையை யாரும் வாசிக்கப்போவதில்லை, எண்ணினால் போதும். எண்ணப்போகிறான் என்று தெரிந்தபின் வாசிக்கும்படி எழுத யாருக்குப் பித்து?

இதில் உச்சம் தொட்டதும் இதே நெடுஞ்சாலைதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை பக்கம் போனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி வரும். அங்கே இருக்கும் சவீதா பல் மருத்துவக் கல்லூரி 2022, 2023 இரண்டு வருடமும் என்ஐஆர்எஃப் பல் மருத்துவப் பட்டியலில் முதலிடம். 2023 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ் அந்த முதலிடத்தின் பின்கதையை எழுதியது. இளநிலை மாணவர்கள் சுமார் 500 பேர் நான்கு மணி நேரத் தேர்வில் உட்கார்ந்து ஆளுக்கு 1,500 சொல்லில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், அவை செப்பனிடப்பட்டு இதழ்களுக்குப் போகின்றன, அவற்றில் கல்லூரியின் பழைய கட்டுரைகள் மேற்கோளாகக் குவிகின்றன என்றது அந்தக் கட்டுரை. நான் சொல்லவில்லை சாமி, ‘சயின்ஸ்’ சொன்னது. எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: இதைப் படித்த எங்கள் நிர்வாகம் அதிர்ச்சியடையவில்லை. “நமக்கு ஏன் சார் இந்த ஐடியா வரல?” என்று என்னைக் கேட்டது.

சைட்டேஷனுக்கு மேற்கோள் என்று மொழிபெயர்த்தவர் நல்ல மனிதர். நம் பக்கத்தில் அதற்குப் பொருத்தமான சொல் முன்பே இருக்கிறது, மொய். கல்யாணத்துக்கு நீ எனக்கு எழுதியதை, காதுகுத்துக்கு நான் உனக்குத் திருப்பி எழுதுவேன். எழுதாமல் விட்டால் நோட்டைப் புரட்டிக் கேட்பார்கள். எங்கள் கல்லூரியில் அந்த நோட்டு எக்ஸெலில் இருந்தது. சிவில் துறைக்காரர் கான்கிரீட்டில் எரிசாம்பல் கலப்பதைப் பற்றி எழுதினால், முகம் கண்டறியும் அல்காரிதம் பற்றிய கம்ப்யூட்டர் துறைக் கட்டுரைகள் ஏழெட்டை அடியில் சேர்த்துவிட வேண்டும். சாம்பலுக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகச் சேர்ந்த மேடம் ஒருவர் கேட்டார். அவருக்கு அந்த வருடம் இன்கிரிமென்ட் இல்லை.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? வாங்குவார். வாட்ஸ்அப்பில் வரும், ‘ஸ்கோபஸ் பப்ளிகேஷன் கியாரண்டி, அனெக்ஸர் ஒன்று ஜர்னல், ஃபர்ஸ்ட் ஆத்தர் ஒரு ரேட், ஃபோர்த் ஆத்தர் ஒரு ரேட்’. ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். காசு யாருடையது? நெசவோ விவசாயமோ செய்து பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிய குடும்பத்தினுடையது; அல்லது அந்த ஃபீஸில் கிள்ளிக் கொடுத்த சம்பளத்தை இஎம்ஐ போக மிச்சம் பிடித்த உதவிப் பேராசிரியருடையது.

அப்படி வாங்கிய கட்டுரைகளின் ஆங்கிலத்தை நீங்கள் ரசிக்க வேண்டும். திருடியது தெரியாமலிருக்க, ஒவ்வொரு சொல்லையும் மென்பொருளில் போட்டு வேறு சொல்லாக மாற்றிவிடுவார்கள். பிரான்ஸின் துலூஸ் நகரத்து ஆய்வாளர் கியோம் கபனாக்கும் கூட்டாளிகளும் 2021-ல் இவற்றுக்கு ‘சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள்’ என்று பெயர் வைத்து, தேடிப் பிடிக்கக் கருவியும் செய்தார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: செயற்கை நுண்ணறிவு ‘கள்ளப் பிரக்ஞை’ ஆகிவிட்டது. மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சு விபரீதம்’. சிறுநீரகச் செயலிழப்பு ‘சிறுநீரக ஏமாற்றம்’. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உட்காருகிறவரிடம் போய், ஐயா உங்கள் சிறுநீரகம் ஏமாந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.

கட்டுரைதான் கள்ளம், ஆளாவது நிஜமா என்று கேட்பீர்கள். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு வேலை செய்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் பேராசிரியர் விவரங்களை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது. நான் தினமும் செய்த அதே தேடல்தான், அவர்கள் நேர்மைக்காகச் செய்தார்கள். 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாக இருப்பதாகவும், இதில் 224 கல்லூரிகள் சம்பந்தப்பட்டிருப்பதாகவும் வெளியிட்டது. ஒரகடம் கம்பெனிகளில் ஒரு ஆள் இரண்டு ஷிப்ட் பார்த்தாலே முகம் கறுத்துவிடும். எங்கள் உலகத்தில் ஒரே ஆள் பல மாவட்டங்களில் ஒரே மணிக்கு வகுப்பெடுக்கிறார். இதற்கெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்களுக்குச் சால்வையும் உண்டு.

என் பழைய மாணவன் ஒருவன் ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறான். ஒருநாள் ஒரகடம் சந்திப்புக்குப் பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். பி ஷிப்ட் முடித்து வந்திருந்தான், விரலிடுக்கில் கிரீஸ் போகவில்லை. என்ன வேலை என்று கேட்டதற்கு, பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து டீக்கடை மேசையில் வைத்துக் காட்டினான்.

“இதுதான் பீஸ்னு வெச்சுக்கங்க சார். கேஜ்ல உள்ள போகலைன்னா என்ஜி. என்ஜி ஆனா ரெட் பின்னு. ரெட் பின்னுக்குப் பூட்டு இருக்கு, சாவி என்கிட்ட இல்ல. ஏன்னா நானே டார்கெட்டுக்காகத் திரும்ப எடுத்து லைன்ல விட்டுடுவேனாம்.”

“ஒண்ணு தப்பிப் போயிட்டா?”

“பார்கோடு இருக்கு சார். எந்த மெஷின், எந்த ஷிப்ட், எந்த ஆபரேட்டர்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். மறுநாள் காலையில என்னை நிக்க வெச்சிடுவாங்க.”

பிறகு கேட்டான், “நம்ம காலேஜ்ல அந்தப் பேப்பரெல்லாம் யாரு சார் செக் பண்றாங்க?”

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவனுக்கு என் வேலையைப் பற்றி விளக்க மனம் வரவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர்களிடம் ஆள் பலம் இல்லாமலா போயிற்று? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி முதலில் அங்கீகரித்த இதழ்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதிலிருந்து ஆயிரம் இதழ் போல எடுத்துச் சோதித்த புனே ஆய்வாளர்கள், 88 சதவீதம் தேறாது என்று 2018-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பிறகு ‘கேர்’ என்று இன்னொரு பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைகழுவி, கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கோழிக்குக் காவல் நரியே என்றால்கூடப் பரவாயில்லை, நரிக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும்.

இந்த ஊரில் பிறந்தவர் ராமானுஜர். ஒரு மந்திரத்துக்காகத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு தடவை நடந்து, ரகசியம் என்று சொல்லிக் கொடுத்ததை மதில் மேல் ஏறி ஊருக்கே கத்திச் சொன்னவர் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அவர் ஊரில் உட்கார்ந்து ஒரு கட்டுரையை முழுசாகப் படிக்க க்ளிக் செய்தால், உங்கள் நிறுவனம் சந்தா கட்டியிருக்கிறதா என்று கேட்கும். 2025-லிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை மத்திய அரசு வாங்கியிருக்கிறது. அரசு நிறுவனங்களுக்கு மட்டும். எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகள் அதில் இல்லை. இருந்திருந்தால் மட்டும் வாசித்திருப்போமா என்று கேட்காதீர்கள். எங்கள் நூலகத்தில் அதிகம் தேய்ந்தது ஏசி ரிமோட்.

எக்ஸ்போர்ட் செய்த ஃபைலுக்கு வருகிறேன். சிஎஸ்வியை அப்படியே எக்ஸெலில் திறந்தால் அது தன் இஷ்டத்துக்கு விளையாடும். 3-4 என்ற கூட்டிதழ் எண் ஏப்ரல் 3 ஆகிவிடும். இது என் கஷ்டம் மட்டுமில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே எக்ஸெலிடம் தோற்று, தேதியாக மாறிக்கொண்டிருந்த ‘மார்ச்1’ என்ற மரபணுவுக்கு ‘மார்ச்எஃப்1’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அது 2020-ல். ஆகவே நான் ஒவ்வொரு கட்டமாகச் சரி பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தச் சொல் கண்ணில் பட ஆரம்பித்தது.

2023-ல் ஹிந்தாவி என்ற பதிப்பகம் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. உலகம் முழுக்க அந்த வருடம் 10,000-ஐத் தாண்டியது. கார் கம்பெனி ரீகால் செய்தால் பேப்பரில் வரும், வண்டியை ஷோரூமுக்குக் கொண்டு வரச் சொல்வார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றால், தலைப்புக்கு முன்னால் ‘ரிட்ராக்டட்’ என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவரை எங்கள் சேர்மனுக்கு அந்தச் சொல்லைப் பற்றிக் கவலை இருந்ததில்லை. ஏதோ விருது என்றுகூட நினைத்திருக்கலாம். 2025-ல், திரும்பப் பெற்ற கட்டுரைகளுக்கு என்ஐஆர்எஃப்பில் மைனஸ் மார்க் என்று அறிவித்தார்கள். அன்று சாயங்காலமே பிரின்சிபல் அறைக்கு அழைப்பு வந்தது.

ஃபைல் பெரிய திரையில் திறந்திருந்தது. நாக் தர மதிப்பீட்டு அறிக்கைக்கும், கல்லூரி வெப்சைட்டுக்கும், அட்மிஷன் விளம்பரத்துக்கும் போகவேண்டிய ஃபைல். சமோசா இருந்தது.

“சார், தலைப்புல இந்த ஒரு வார்த்தைதான் உறுத்துது,” என்றார் பிரின்சிபல். “என்ஐஆர்எஃப்காரன் எப்படியோ எடுத்துக்கட்டும், அது நம்ம கையில இல்ல. நாம கொடுக்கிற லிஸ்ட்டுல எதுக்கு? ஃபைண்ட்–ரீப்ளேஸ் போட்டு எடுத்துடலாமே.”

அறையில் எட்டுத் துறைத் தலைவர்கள் இருந்தார்கள். ஒருவரும் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. எனக்கும் இஎம்ஐ இருந்தது, சர்டிஃபிகேட் அவர்கள் பீரோவில் இருந்தது.

‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்தினேன். பதினோரு இடத்தில் மாற்றிவிட்டதாக எக்ஸெல் சொன்னது.